மில்லிமீற்றர் காக்காவின் நாற்றுமேடை

கிண்ணியாவில் அபூதாஹிர் வீடு எது என்று கேட்டால், எந்த அபூதாஹிர் என்று திருப்பிக் கேட்பார்கள். மில்லிமீற்றர் காக்கா வீடு எது என்று கேட்டால், கையோடு கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிட்டு வருவார்கள். காக்கா என்றால் அங்கே அண்ணன், மில்லிமீற்றர் என்ற பெயர்தான் சும்மா வந்ததல்ல. மழை பெய்தால் மற்றவர்கள் நல்ல மழை என்பார்கள், தூற்றல் என்பார்கள், ஊற்று ஊற்றென்று ஊற்றிவிட்டது என்பார்கள். அபூதாஹிர் மட்டும் "இருவத்தேழு" என்பார். கேட்டவர் விழித்தால், "மில்லிமீற்றர்" என்று சேர்த்துக்கொள்வார். அதற்கு மேல் அவரிடம் விளக்கம் கேட்டவன் தேநீர் ஆறிப்போகும்வரை அங்கேதான் இருக்கவேண்டும்.

இந்தப் பைத்தியம் அவருக்குப் பாலைவனத்தில் பிடித்தது. பதினொரு வருடம் கட்டாரில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டினார். நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்கும், முன்கண்ணாடியில் ஒரு துளி விழாது. அந்தப் பதினொரு வருடத்தில் மழையை மூன்றே மூன்று தரம்தான் பார்த்தார். ஊருக்குத் திரும்பி வந்த அன்று, ஹபறணை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மனிதர் வானை நிறுத்தச் சொல்லி, புதுச் சேர்ட்டோடு இறங்கி, நடுறோட்டில் நின்று நனைந்தார். உள்ளே இருந்து அவருடைய மனைவி ஸல்ஹா, "இஞ்சாருங்க, கட்டார்ல இருந்து தடிமன் கொண்டு வந்ததெண்டு ஊர் சிரிக்கும், ஏறுங்க" என்று கத்தினாள். அவர் ஏறவில்லை. அழுதுகொண்டிருந்தார் என்பதை ஸல்ஹா பிறகுதான் கண்டுபிடித்தாள்.

அடுத்த நாளே முற்றத்து வேலிக் கம்பில் ஒரு பழைய ஊறுகாய்ப் போத்தலைக் கட்டினார். அடி முதல் வாய் வரை ஒரே அகலமான போத்தல், பக்கத்தில் மகளின் பள்ளிக்கூட அடிமட்டம். காலை எட்டரைக்கு அளவு பார்ப்பது, கொப்பியில் எழுதுவது, போத்தலைக் கவிழ்ப்பது. பன்னிரண்டு வருடமாக ஒரு நாளும் தவறவில்லை. இழந்த பதினொரு வருட மழைக்குப் பதிலாக, இனிப் பெய்வதில் ஒரு துளியையும் கணக்கில் விடக்கூடாது என்று அவருக்கு இருந்தது.

வளிமண்டலவியல் திணைக்களம் சொல்லும் அறிவித்தல் ஒன்றையும் அவர் விடமாட்டார். போகம் தொடங்க முன்னர் வரும் மூன்று மாத எதிர்வுகூறலைத் தேநீர்க்கடையில் உரத்து வாசிப்பார். சொன்னது பலித்தால் அது திணைக்களத்தின் கெட்டித்தனம், பிழைத்தால் அது மில்லிமீற்றர் காக்காவின் குற்றம். அவர் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. மழையைப் பற்றி யாராவது கதைத்தால் போதும், திட்டினாலும் பரவாயில்லை.

அப்படிப்பட்ட மனிதர்தான் மாரி மழையில் நெல் விதைக்கும் இந்தப் பெரும்போகத்தில் வகையாக மாட்டிக்கொண்டார்.

அவருக்குச் சின்னக் குளமொன்றின் கீழே மூன்று ஏக்கர் வயல். பெரும்போகக் கூட்டத்தில், டிசம்பர் பத்தாம் திகதிக்கு முன்னர் எல்லோரும் விதைப்பை முடிக்கவேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதற்குப் பிந்தி விதைத்தால் கடைசி நேரத்தில் குளத்துத் தண்ணீர் கிடைக்காது. அபூதாஹிர் கொப்பியை விரித்தார். பன்னிரண்டு வருட நவம்பர்களையும் கூட்டிப் பிரித்துப் பார்த்தார். இருபதாம் திகதிக்கும் இருபத்தைந்தாம் திகதிக்கும் இடையில் சராசரி மழை குறைவு. மூன்று மாத எதிர்வுகூறலும் நவம்பர் வழமையைப் போலத்தான் என்று சொல்லியிருந்தது. இரண்டும் ஒத்துப்போனதில் மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புதன்கிழமை காலை ஆறு புசல் விதைநெல்லையும் ஊறப்போட்டார். சனிக்கிழமை விதைப்பு என்று ஊரெல்லாம் சொல்லியும் விட்டார்.

அவர் மறந்தது ஒன்றுதான். சராசரி மழை என்ற ஒன்று எந்த வருடத்திலும் பெய்வதில்லை, அது கொப்பியில் மட்டும்தான் பெய்யும்.

விதைநெல்லை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, வடித்துக் குவித்து, ஈரச் சாக்கால் மூடினால் இரண்டாம் நாள் வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். முளை வந்த நெல்லுக்குத் திரும்பிப் போக வழி இல்லை. உடனே சேற்றில் விழவேண்டும். குவியலில் கிடந்தால் சூடேறி அழுகிவிடும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்து, அபூதாஹிர் போனைத் திறந்தார். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம். சனிக்கிழமை தொடக்கம் கிழக்கில் கடும் மழை, சில இடங்களில் நூற்றைம்பது மில்லிமீற்றருக்கு மேல். வாழ்க்கையில் முதல் தடவையாக மில்லிமீற்றர் என்ற சொல் அவருக்குப் பிடிக்காமல் போனது. வயலில் விதைத்தால் ஒரு மணியும் மிஞ்சாது, மிதந்து வாய்க்காலோடு போகும். விதைக்காவிட்டால் சாக்குக்குக் கீழே அழுகும். வேறு விதைநெல் வீட்டில் இல்லை. இந்தக் கடைசி நேரத்தில் நல்ல விதை எங்கேயும் எடுக்கவும் ஏலாது. ஆறு புசல் போனால் அந்தப் போகமே போனது.

வயலுக்குப் பக்கத்து வயல்காரர் தம்பலகாமம் தவராசா. அவர் முதல் நாள்தான் விதைத்திருந்தார். அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"காக்கா, என்ன இது? வெட்டை வெயில் எண்டு சொன்னீங்கள்?"

"சராசரிதான் தம்பி அப்பிடிச் சொன்னது."

"அந்தச் சராசரியை ஒருக்கா இஞ்சால வரச்சொல்லுங்கோ, ரெண்டு கதை கதைக்க வேணும்" என்றார் தவராசா. சிரிப்பதற்கு முயன்றார், குரல் ஒத்துழைக்கவில்லை. அபூதாஹிருக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. தன்னை நம்பித்தான் அந்த மனிதர் விதைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது ஸல்ஹா சாக்குக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இஞ்சாருங்க, சூடு வெச்சிட்டு. இண்டைக்கு விரிக்காட்டி அழுகி மணக்கும்."

"எங்க விரிக்கிற? மூணு ஏக்கருக்குரிய நெல்லு."

அப்போதுதான் அவருக்கு ஒரு பழைய விளக்கப் பயிற்சி ஞாபகத்துக்கு வந்தது. மூன்று வருடத்துக்கு முன், விவசாயப் போதனாசிரியர் ஒருவர் பாய் நாற்றுமேடை என்று ஒன்றைக் காட்டினார். சீமெந்துத் தரையில் பொலித்தீனை விரித்து, மெல்லிதாக உமிச் சாம்பல் தூவி, முளைநெல்லைப் பரப்புவது. வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், இரண்டு கிழமையில் நாற்றைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி வயலுக்குக் கொண்டு போகலாம். கிண்ணியாப் பக்கம் எல்லோரும் வீசி விதைக்கிறவர்கள், நாற்று நடுவது மிகக் குறைவு. அன்றைக்கு வந்தவர்கள் கொடுத்த பணிசைச் சாப்பிட்டுவிட்டுக் கலைந்து போனார்கள். மழையைப் பற்றிக் கேட்பதற்கென்று கடைசிவரை இருந்தவர் அபூதாஹிர் மட்டும்தான்.

"கூரையோட பெரிய சீமெந்துத் தரை ஒண்டு வேணும்" என்றார். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அப்படி ஒரு தரை எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

அது வளவின் மறுபக்கத்தில் நின்ற மின்ஹாவின் வீடு. கிழக்கில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். அபூதாஹிர் - ஸல்ஹாவின் ஒரே மகள் மின்ஹா, முன்பள்ளி ஆசிரியை. அவளுக்காக அந்த வீடு எட்டு வருடமாகக் கல்லுக் கல்லாக எழும்பியது. சுவருக்குத் தண்ணீர் அடித்தது ஸல்ஹாவின் கை. கூரை போட்டாயிற்று. யன்னல்களுக்கு இன்னும் கதவு இல்லை. திங்கட்கிழமை மேசன் வந்து டைல்ஸ் பதிக்கவேண்டும். அதற்கு அடுத்த ஞாயிறு, மாப்பிள்ளை அஷ்பாக்கின் ஆட்கள் மூதூரிலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள்.

"என்ட மையத்து எடுத்த பொறகு" என்றாள் ஸல்ஹா. கணவன் இன்னும் கேட்கவே இல்லை, பதில் வந்துவிட்டது. "மாப்புள வீட்டார் வந்து ஹோலுக்குள்ள வயலையா பாக்கிற? அன்ஸார் மச்சான் எப்பிடி ஆள் எண்டு தெரியாதா உங்களுக்கு?"

எல்லோருக்கும் தெரியும். அன்ஸார் மாப்பிள்ளையின் தகப்பன். மூதூரில் வயல்காரர், வாயைத் திறப்பது குறைவு, திறந்தால் குறைதான் வரும். மூத்த மகனுக்குப் பெண் பார்த்தபோது, குசினிக் கதவு சரியாகப் பூட்டவில்லை என்று இரண்டு தரம் திரும்பிப் போய்ப் பார்த்த மனிதர்.

அபூதாஹிர் குவியலுக்குப் பக்கத்தில் குந்தி ஒரு பிடி நெல்லை அள்ளினார். முளைகள் அரிசிப் புழுவளவு நீண்டிருந்தன. அவற்றைத் திரும்பக் குவியலில் போட அவருக்கு மனம் வரவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தார்.

மின்ஹா அதைப் பார்த்தாள். "வாப்பா, என்ட வீட்டுல போடுங்க" என்றாள்.

"புள்ள, நீ சும்மா இரி" என்றாள் ஸல்ஹா.

"என்ட வீடுதானே உம்மா? டைல்ஸ் ஒரு மாசம் பிந்திப் பதிக்கலாம். இந்த நெல்லு நாளைவரைக்கும் தாங்காது."

ஸல்ஹா மகளைப் பார்த்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள். அந்த எட்டு வருடமும் அவள் கண்ணில் வந்து போனது. கடைசியில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சாம்பலச் சுவருல பூசினா ரெண்டு பேரையும் அந்த வாய்க்காலுக்குள்ளயே தள்ளுவன்" என்றாள். அவள் சம்மதம் சொல்லும் விதம் அது.

அஸருக்கு முன்னர் அபூதாஹிர் மோட்டார்சைக்கிளில் பறந்துபோய்க் கறுப்புப் பொலித்தீன் வாங்கி வந்தார். அரிசி ஆலையிலிருந்து இரண்டு மூடை உமிச் சாம்பல் வந்தது. ஹோலில் தொடங்கி, இரண்டு அறைகளும் நிரம்பி, நெல் குசினிக்கும் போனது. நடப்பதற்கு வாசலிலிருந்து ஒரு முழ அகலத்தில் ஒற்றையடிப் பாதை மட்டும் விட்டார்கள். மஃரிபுக்கு முன் கடைசிப் பிடியும் பரவிவிட்டது. மூன்று பேரும் தலை முதல் கால் வரை சாம்பல். ஸல்ஹாதான் முதலில் சிரித்தாள்.

மறுநாள் மழை வந்தது. வந்ததென்று சொல்வது போதாது, வந்து குடியிருந்தது. முதல் நாள் தொண்ணூற்றிரண்டு. இரண்டாம் நாள் நூற்றைம்பத்தாறு. மூன்றாம் நாள் ஊறுகாய்ப் போத்தல் நிரம்பி வழிந்துவிட்டது. அபூதாஹிர் கொப்பியில் "போத்தல் காணாது" என்று எழுதினார். வயல்வெளி கடலாகக் கிடந்தது. தவராசாவின் விதைப்பு போய்விட்டது என்று மூன்றாம் நாளே தெரிந்தது. போனில் அவர் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அபூதாஹிருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

உள்ளே மின்ஹாவின் வீட்டில் வேறு உலகம். முதல் நான்கு நாளும் காலையும் மாலையும் முளையைப் பலகையால் மெல்ல அழுத்தவேண்டும், இல்லாவிட்டால் வேர் பிடிக்காமல் மேலே கிளம்பிவிடும். மின்ஹா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பலகையோடு அறை அறையாகத் தவழ்ந்தாள். முன்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல, "எல்லாரும் படுங்க, எழும்பப்படாது" என்று நெல்லுக்குச் சொன்னாள். ஸல்ஹா பூவாளியோடு பின்னால் போனாள். மழைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, வேலையும் இல்லை. மூன்று பேரும் பகல் முழுக்க அந்த ஒற்றையடிப் பாதையில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு திரிந்தார்கள். அப்படிச் சேர்ந்து இருந்து வருடக்கணக்காகிவிட்டது. ஐந்தாம் நாள் ஹோல் பச்சையானது. காலையில் எட்டிப் பார்த்த ஸல்ஹா, "மாஷா அல்லாஹ்" என்றுவிட்டு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வியாழக்கிழமை மழை விட்டது. வெளிச்சம் போதாமல் அறைகளில் நாற்று வெளிறத் தொடங்கியிருந்தது. அவற்றைப் பொலித்தீனோடு முற்றத்துக்கு இழுத்துப் போட்டார்கள். ஹோலில் இருந்ததை விட்டுவைத்தார்கள், அதற்கு யன்னல் வெளிச்சம் போதும். இப்போது வீடும் பச்சை, முற்றமும் பச்சை. ஞாயிறோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஸல்ஹா மாப்பிள்ளையின் தாய் றஹ்மாவுக்கு அழைத்தாள். மழையைச் சாட்டி இன்னொரு நாள் வைக்கலாமா என்று கேட்டாள். "வாறதெண்டு சொன்னத மாத்தப்படாது மச்சி, பாலமெல்லாம் திறந்திட்டுதாம்" என்றாள் றஹ்மா. ஸல்ஹாவுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வீடு முடியவில்லை என்று சொன்னால் வேறு கதை முளைக்கும். அதைவிட, வந்து பார்க்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வான் வந்து நின்றது. அன்ஸார், றஹ்மா, இன்னும் இரண்டு பெண்கள். வேலிப் படலையைத் திறந்த அன்ஸார் அங்கேயே நின்றுவிட்டார். முற்றம் முழுக்க நாற்று. வாசலுக்குப் போக ஒரு முழ அகலப் பாதை. அபூதாஹிர் ஸலாம் சொல்லிவிட்டு வேலிக் கம்பில் தொங்கிய ஊறுகாய்ப் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸல்ஹா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். மின்ஹா குசினிக்குள்ளிருந்து யன்னல் ஓட்டையால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்ஸார் செருப்பைக் கழற்றினார். ஒற்றையடிப் பாதையில் மெதுவாக நடந்து வாசலுக்கு வந்தார். உள்ளே ஹோலைப் பார்த்தார். சுவரைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. அப்படியே குந்தி, ஓரத்தில் ஒரு நாற்றை இழுத்து வேரைப் பார்த்தார். அது தனியே வரவில்லை, பக்கத்து நாற்றுகளையும் கூட்டிக்கொண்டு வந்தது.

"என்ன இனம்?" என்றார்.

"மூணரை மாச நெல்லு, மச்சான்" என்றார் அபூதாஹிர்.

"எத்தின புசல்?"

"ஆறு. எங்கட மூணு ஏக்கருக்கு. வீசினாத்தான் அவ்வளவு வேணும். நட்டா ஒரு புசல் ஒரு ஏக்கருக்குப் போகும்."

அன்ஸார் நிமிரவில்லை. கையில் இருந்த நாற்றைத் தடவிக்கொண்டே இருந்தார். "நான் மழைக்கு முந்தின புதன்கிழம நாலு ஏக்கரையும் விதைச்சிட்டன். ஒரு மணி மிஞ்சல்ல" என்றார். "பெண்டுகளுக்குச் சொல்லல்ல. நல்ல காரியத்துக்கு வாற நேரம் என்னத்துக்கு எண்டு."

றஹ்மா திடுக்கிட்டுப் புருசனைப் பார்த்தாள். அபூதாஹிருக்குக் கணக்குப் போட வழக்கமாகக் கொப்பி வேண்டும். இந்தக் கணக்கு அவருக்கு வாயில் வந்தது. "எனக்கு மூணு. மிச்சம் மூணு ஏக்கருக்கு நாத்து இரிக்கி, மச்சான். தவராசாத் தம்பிக்கு ஒண்டு, என்னய நம்பி விதைச்ச ஆள். உங்களுக்கு ரெண்டு."

அன்ஸார் எழும்பினார். குறை சொல்லும் வாய் அது, என்ன வரப்போகிறதோ என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இத ஆர் யோசிச்ச? டைல்ஸ் பதிக்கிற ஹோலுக்குள்ள நெல்லு விரிக்க?"

"நானில்ல" என்றார் அபூதாஹிர் அவசரமாக. "மகள். அவட வீடு. அவதான் சொன்ன."

அன்ஸார் நாற்றைப் பத்திரமாகப் பழைய இடத்திலேயே வைத்து அழுத்தினார். மனைவியின் பக்கம் திரும்பினார். "றஹ்மா, நான் வீட்டப் பாக்கல்ல. இனிப் பாக்கத் தேவையுமில்ல. பொண்ணப் பாத்திட்டன்" என்றார்.

றஹ்மா ஒற்றையடிப் பாதையால் ஓடிப்போய் மின்ஹாவைக் கட்டிக்கொண்டாள். ஓடியதில் ஒரு மூலை நாற்று மிதிபட்டது. அதற்கு அவளை அன்ஸார் திட்டியதுதான் அன்று அவர் சொன்ன ஒரே குறை. கதிரை போட இடமில்லாததால் பிலாவ் சோறும் வட்டிலப்பமும் வானுக்குள்ளேயே பரிமாறப்பட்டன.

அடுத்த வெள்ளி, டிசம்பர் பத்துக்கு ஐந்து நாள் இருக்க, வெள்ளம் வடிந்து வயலில் கணுக்கால் சேறு நின்றது. பொலித்தீனை உரித்து, நாற்றைப் பாய் பாயாகச் சுருட்டி, லாண்ட்மாஸ்டர் உழவு யந்திரத்தின் பெட்டியில் அடுக்கினார்கள். முதல் பெட்டி மூதூருக்குப் போகும் லொறிக்கு. இரண்டாவது தவராசாவுக்கு. மூன்றாவது பெட்டிக்கு மேலே மின்ஹாவே ஏறி இருந்துகொண்டாள். தன் வீட்டிலிருந்து போகிற முதல் சாமானாம், அவளே கொண்டுபோய் இறக்கவேண்டுமாம்.

தம்பலகாமத்திலிருந்து வந்த பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டார்கள். பாதி வயல் முடிய, மெல்லிய மழை தொடங்கியது. நாற்றுக்கு அளந்து ஊற்றியது போன்ற மழை. ஒருவரும் கரைக்கு ஏறவில்லை. அபூதாஹிர் சேற்றுக்குள் நின்றபடி முகத்தை மேலே தூக்கினார். ஹபறணை றோட்டில் நின்ற அதே முகம் என்று வரம்பில் நின்ற ஸல்ஹாவுக்குப் பட்டது. இந்தத் தடவை அவள் ஏறச் சொல்லவில்லை. அவளும் இறங்கினாள்.

பக்கத்து வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த தவராசா நிமிர்ந்து கூப்பிட்டார். "காக்கா! இண்டைக்கு எத்தின மில்லிமீற்றர்?"

அபூதாஹிர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் காலையில் போத்தலைப் பார்க்கவே இல்லை.

"அளக்கல்ல தம்பி" என்றார். "நல்ல மழை."